மயிலாடியின் அழைப்பு: ரிங்கல்தௌபே எதை எடைபோட்டார், எதை விட்டுவிட்டார்

குமரி மாவட்டத்துத் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை ஓய்வுநாள் பள்ளியிலேயே தெரிந்துவிடும். 1806 ஏப்ரல் 25 அன்று மிஷனரி வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மயிலாடிக்கு வந்தார், தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தத் திருச்சபை தோன்றியது என்று சொல்வார்கள். கதை எப்போதும் வந்தவரிடமிருந்துதான் தொடங்கும். எதிர்த்தரப்பில் பேசுகிறவர்களுக்கும் அதே பழக்கம்: வெள்ளைக்காரர் வந்தார், மதம் மாற்றினார். ஒரு தரப்பு கும்பிடுகிறது, மற்றது திட்டுகிறது. அந்த மனிதர் ஓர் அழைப்பின் பேரில் வந்தவர் என்பதையும், அழைத்தவர் மயிலாடிக்காரர் என்பதையும் இரண்டு தரப்புமே வேகமாகக் கடந்துவிடுகின்றன.

இந்த ஆய்வு அந்த அழைப்பைப் பற்றியது. காலனியக் காலத்தில் மிஷனரியாக வரும்படி ஒருவருக்கு அழைப்பு வருகிறது. போகலாமா, வேண்டாமா என்று அவர் யோசிக்கும்போது தட்டில் என்னென்ன வைக்கப்பட்டன? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழைத்தவர் தன் கணக்கைச் சரியாகப் போட்டிருந்தார். அழைக்கப்பட்டவர் தன் மனசாட்சியையும் உடல்நலத்தையும் சலிக்கச் சலிக்க எடைபோட்டார். ஆனால் உள்ளே நுழையத் தேவைப்பட்ட அனுமதிக்கு யார் என்ன விலை கொடுப்பார்கள் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

அழைத்தவர்

மயிலாடி இன்று கல்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற ஊர். சுற்றிலும் நாஞ்சில் நாட்டு வயல்கள், தோப்புகள். ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து அதிகத் தொலைவில்லை. 1799 வாக்கில் இந்த ஊரிலிருந்து மகாராசன் என்பவர் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். சாம்பவர் குலத்தவர். சொந்த நிலம் வைத்திருந்த குடும்பம் என்று சபை வரலாறுகள் சொல்கின்றன. சிதம்பரத்தில் தேடிப்போனது கிடைக்காமல் தஞ்சாவூர்ப் பக்கம் உறவினர்களைப் பார்க்கப் போனவர், அங்கே ஜான் காஸ்பர் கோலாப் ஐயரின் பிரசங்கத்தைக் கேட்டார். கோலாப் தரங்கம்பாடியிலேயே பிறந்தவர். தமிழ் அவருக்குப் படித்து வந்த மொழியாக இருந்திருக்க முடியாது. மகாராசன் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆகி ஊர் திரும்பினார்.

திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. உறவுக்குள் பேசினார், ஜெபக்கூட்டம் நடத்தினார், ஒரு சிறு கூட்டம் சேர்ந்தது. அடுத்த சில ஆண்டுகள் மயிலாடியில் மிஷனரி யாரும் இல்லை, ஆனால் மிஷன் நடந்துகொண்டிருந்தது. இந்த ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டிவிடும் புத்தகங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அப்படியானால் அவருக்கு வெளியிலிருந்து ஓர் ஆள் எதற்கு? அன்றைய திருவிதாங்கூர் எப்படி இருந்தது என்று தெரிந்தால் பதில் கிடைக்கும். சாம்பவர், நாடார், ஈழவர் முதலிய சாதிகள் தலைவரி கட்டவேண்டும். அரசும் கோயிலும் கேட்கும்போதெல்லாம் கூலியில்லாமல் ஊழியம் செய்யவேண்டும். எவ்வளவு தூரம் விலகி நிற்பது என்பது சாதிக்குச் சாதி வரையறுக்கப்பட்டிருந்தது. கச்சேரிக்குள், அதாவது சர்க்கார் அலுவலகத்துக்குள், கால்வைக்க முடியாதவன் எந்த நீதிபதியிடம் போய் முறையிடுவான்? நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகளும் இருந்தார்கள். அடிமை முறை அங்கே சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். இந்த நிலையில் புது மதத்தில் சேர்ந்த ஒரு சாம்பவக் குடும்பம் ஜெபிக்க ஒரு கூரை போடவேண்டுமானாலும் சர்க்கார் தயவு வேண்டும்.

வேதமாணிக்கத்திடம் இருந்த வழிகள் குறைவு. ஊரோடு அடங்கிப் போகலாம். நிலத்தை விட்டுவிட்டுத் தஞ்சைச் சீமைக்குக் குடிபெயரலாம். இந்த யோசனை உண்மையாகவே இருந்ததாகச் சபை வரலாறுகள் கூறுகின்றன. அல்லது, குருப்பட்டம் பெற்ற ஒருவரைக் கூட்டிவரலாம். அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் உரிமை இருக்கவேண்டும், அதிகாரிகள் அடித்து விரட்ட முடியாத ஆளாகவும் இருக்கவேண்டும். பிரசங்கம் செய்ய ஆள் தேவைப்படவில்லை, அதை அவரே செய்துகொண்டிருந்தார். அவர் தேடியது கச்சேரி வாசலில் நின்று பேசக்கூடிய ஒரு குரலை. இதைச் சொன்னால் அவருடைய விசுவாசத்தைக் குறைத்துப் பேசுவதாகச் சிலர் நினைக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விசுவாசிகளுக்கும் முதுகில் அடி விழுந்தால் வலிக்கும்.

அழைக்கப்பட்டவர்

ரிங்கல்தௌபே 1770இல் பிரஷ்யாவின் சிலேசியாப் பகுதியில் பிறந்தவர், ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தவர். மயிலாடி அழைப்பு வந்தபோது அவருடைய பெயரில் ஏற்கெனவே ஒரு கறை இருந்தது. 1797இல் கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கம் அவரைக் கல்கத்தாவுக்கு அனுப்பியது. அவர் அங்கே நிலைக்காமல் 1799இல் திரும்பிவிட்டார். பணம் செலவழித்து அனுப்பிய சங்கத்துக்கு மனக்கசப்பு. அதன்பின் 1795இல் தோன்றிய லண்டன் மிஷனரி சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. இரண்டாவது முறையும் பாதியில் திரும்பினால் மூன்றாவது முறை யாரும் கூப்பிடமாட்டார்கள். அவர் எழுதியவற்றில் தன் குறைகளைப் பற்றிய கவலை அடிக்கடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

1804இல் ஜார்ஜ் கிரான், அகஸ்டஸ் டி கிராஞ்சஸ் ஆகிய இருவரோடு அவர் டேனிஷ் கப்பலில் புறப்பட்டு, அந்த ஆண்டு டிசம்பரில் தரங்கம்பாடியில் இறங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் மிஷனரிக்கு இடம் கிடைக்காது. கம்பெனி ஆட்சிப் பகுதியில் உரிமம் இல்லாமல் தங்கவும் முடியாது. இந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது 1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டத்துக்குப் பிறகுதான். மிஷனரிகள் வந்து இறங்க டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடி ஒரு புறவாசலாக உதவியது. அங்கே ஓர் ஆண்டுக்கு மேல் தங்கித் தமிழ் படித்தார் ரிங்கல்தௌபே.

எங்கே போவது? வழிகள் பல இருந்தன. கூட வந்த இருவரும் 1805இல் விசாகப்பட்டினம் போய்விட்டார்கள். அங்கிருந்த ஆங்கிலேயர்களின் ஆதரவு அவர்களுக்குக் கிடைத்தது. தெலுங்கு படித்து நற்செய்தி நூல்களை மொழிபெயர்க்கவும் தொடங்கினார்கள். அவர்களோடு போயிருந்தால் துணையும் வசதியும் இருந்திருக்கும். (கிரான் 1809இலும் டி கிராஞ்சஸ் 1810இலும் இறந்துபோனார்கள் என்பதைப் பின்னால் வந்தவர்கள் நாம் அறிவோம். அன்று அவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. முடிவு தெரிந்தபின் தீர்ப்புச் சொல்வது இதுபோன்ற ஆய்வுகளில் செய்யக்கூடாத காரியம்.) தரங்கம்பாடியிலேயே இருந்துவிடலாம் என்றால், அந்த மிஷன் நூறு வயதை நெருங்கி ஓய்ந்துகொண்டிருந்தது.

உண்மையான போட்டி திருநெல்வேலியிடமிருந்து வந்தது. அங்கே மிஷனரியாக இருந்த ஜேனிக்கே 1800இல் இறந்துவிட்டார். 1802, 1803 ஆண்டுகளில் மிஷனரி கெரிக்கேயும் தமிழ்க் குரு சத்தியநாதனும் ஆயிரக்கணக்கானோருக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தார்கள். மேய்க்க ஆள் போதவில்லை. தேவையை மட்டும் அளவுகோலாக வைத்தால் திருநெல்வேலிக்குத்தான் முதலிடம். மொழி ஒன்றே, ஆட்சி கம்பெனியுடையது, சபைகள் ஏற்கெனவே உண்டு. மயிலாடியில் இருந்ததோ சில குடும்பங்களும் ஒரு வேதமாணிக்கமும்.

அவர் இரண்டையும் எடுத்துக்கொண்டார். 1806 தொடக்கத்தில் தெற்கே வந்து, பாளையங்கோட்டையைத் தங்குமிடமாக்கி, திருநெல்வேலிச் சபைகளைச் சில ஆண்டுகள் மேற்பார்த்தபடியே கணவாயைத் தாண்டி மயிலாடிக்குப் போய்வந்தார். இதைத் தயக்கம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் விவேகம் என்பேன். ஒருவர் நேரில் வந்து கூப்பிட்டார் என்பதற்காகக் குடும்பங்களின் பாதுகாப்பைப் பந்தயம் வைப்பதைவிட, ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு உள்ளே பார்ப்பது நல்லது. கல்கத்தா அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடமாகவும் இருக்கலாம்.

கணவாயைக் கடந்த அன்று

ஆரல்வாய்மொழி வழியாக நுழைந்த அன்றைய அனுபவத்தை அவர் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். வழியில் மலையழகை ரசித்திருக்கிறார்; இன்று காற்றாலைகளுக்கு நடுவே பஸ்ஸில் போகிறவர்களும் ரசிக்கும் அதே மலைதான். ஊருக்குள் வந்ததும் ஏமாற்றம். வசனம் கேட்க நூற்றுக்கணக்கானோர் ஆவலோடு காத்திருப்பார்கள் என்று எதிர்பார்த்தார். சில குடும்பங்களை ஒரு மணி நேரம் உட்காரவைப்பதே பெரும்பாடாக இருந்தது என்று எழுதுகிறார்.

இந்த ஏமாற்றத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். வேதமாணிக்கம் மிகைப்படுத்திச் சொல்லி அழைத்துவந்தார் என்று படிப்பது ஒரு விதம். அது அநியாயம் என்று நினைக்கிறேன். மயிலாடிக்காரர்கள் கூப்பிட்டது ஒரு தேவையோடு. அவர்கள் பார்க்கக் காத்திருந்தது, இந்த மனிதர் அதிகாரியிடம் போவாரா, கூரை போட அனுமதி வாங்குவாரா என்பதை. ஊர்க்காரனின் வயலில் வேலைசெய்து பிழைப்பவன், வெளியாளின் பிரசங்கத்துக்கு முதல் நாளே கூட்டமாக உட்கார்ந்து தன்னைக் காட்டிக்கொடுத்துக்கொள்வானா? வந்தவர் இரண்டு நாளில் போய்விடுவார், ஊரும் அதிகாரியும் அங்கேயே இருப்பார்கள். மயிலாடிக்காரர்களும் தங்கள் பங்குக்கு எடைபோட்டுக்கொண்டிருந்தார்கள்.

அனுமதி

திருவிதாங்கூர் கம்பெனியின் நேரடி ஆட்சியில் இல்லை. ஆனால் 1805 ஜனவரி உடன்படிக்கைக்குப்பின் கப்பத் தொகை ஆண்டுக்கு 8 லட்ச ரூபாயாக உயர்ந்து, கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்டின் கை எல்லாவற்றிலும் நுழைந்தது. அப்போதைய ரெசிடெண்ட் கர்னல் காலின் மெக்காலே. அடிமை வணிகத்தை எதிர்த்துப் போராடிய ஸக்காரி மெக்காலேயின் சகோதரர், மிஷன் பணியில் அனுதாபம் உள்ளவர். திருவிதாங்கூரின் தளவாய், அதாவது தலைமை அமைச்சர், வேலுத்தம்பிக்கு அந்த அனுதாபம் இல்லை. இருக்கவேண்டிய அவசியமும் இல்லை.

ரிங்கல்தௌபே கொச்சிக்குப் போய் மெக்காலேயைப் பார்த்தார். அங்கே ஆதரவு கிடைத்தது. திருவனந்தபுரத்திலிருந்து கிடைத்தது இழுத்தடிப்பு. கிறிஸ்தவக் கோயில் கட்டும் அனுமதி நகரவில்லை. அவர் மயிலாடிக்கு முதன்முதல் வந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். சிப்பாய்களின் மதத்தில் கைவைத்ததுதான் காரணம் என்ற பேச்சு சென்னை அரசை மிரட்டிவிட்டது. மிஷனரி என்ற சொல்லே அதிகாரிகளுக்குக் கசந்த காலம் அது. அழைப்பை ஏற்க இதைவிட மோசமான ஆண்டைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1808 டிசம்பர் இறுதியில் கொச்சியில் மெக்காலேயின் மாளிகை தாக்கப்பட்டது. 1809 ஜனவரியில் வேலுத்தம்பியின் குண்டறை விளம்பரம், அதாவது கம்பெனிக்கு எதிராக மக்களை எழச்சொன்ன அறிக்கை, வெளிவந்தது. கம்பெனியார் இந்துக் கோயில்களில் சிலுவையையும் ஆங்கிலக் கொடியையும் நாட்டுவார்கள் என்ற அச்சம் அதில் வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. பிப்ரவரி 10 அன்று கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டைவரிசையைப் பிடித்தது. மூன்றாண்டுக்குமுன் ரிங்கல்தௌபே நாட்குறிப்பும் கையுமாக நுழைந்த வாசல் அது. அந்த நாட்களில் மயிலாடிக் கிறிஸ்தவக் குடும்பங்கள் மலைப்பக்கம் ஓடி ஒளிந்தன என்று சபை வரலாறு சொல்கிறது. வேலுத்தம்பி மண்ணடியில் உயிர்விட்டார். அதே 1809இல் மயிலாடியில் கிறிஸ்தவக் கோயில் எழுந்தது, பள்ளியும் தொடங்கியது.

ஆண்டுகளை இப்படி அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் வழக்கின் முடிச்சு தெரிகிறது. 1806இல் கிடைக்காத அனுமதி 1809இல் ஒரு போருக்குப் பின் கிடைத்தது. வேதமாணிக்கத்தின் மக்கள் கேட்டது ஒரு ஜெபவீடு. அது கையில் வந்தபோது, நாட்டின் பாதிப்பேர் கண்ணில் அது தோற்கடித்தவனின் பரிசாகத் தெரிந்தது. ரிங்கல்தௌபே சூழ்ச்சிக்காரர் அல்லர். கம்பெனிக்கு உளவு பார்த்ததாகவும் எதுவும் இல்லை. ஆனால் தான் பிடித்துக்கொண்டிருக்கும் கயிற்றின் மறுமுனை யார் கையில் இருக்கிறது என்று அவர் போதுமான அளவு கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

எல்லாப் பழியையும் அவர்மேல் போடவும் என்னால் முடியாது. வேறு என்ன வழி இருந்தது? அரசனிடம் நேரே போகலாம் என்றால், அரசனின் நீதி சாம்பவர்களை வாசலுக்குக்கூட விடவில்லை. வேலுத்தம்பியின் விளம்பரத்தை இன்று படிக்கும் தேசப்பற்றுள்ள நண்பர்கள், அந்தத் தேசத்தில் மயிலாடிச் சாம்பவருக்கு எந்த இடம் இருந்தது என்றும் ஒரு நிமிடம் யோசிக்கவேண்டும்.

வந்தவரும் வந்தவர்களும்

கோயில் எழுந்தபின் கூட்டம் வந்தது. தாமரைக்குளம், ஈத்தாமொழி, பிச்சைக்குடியிருப்பு என்று சபைகள் பரவின. நாடார்கள் பெருமளவில் நாடிவந்தார்கள். இப்போது ரிங்கல்தௌபேக்கு நேர்எதிரான தலைவலி. வருகிறவர்கள் வரியையும் ஊழியத்தையும் வழக்குகளையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று சலித்துக்கொண்டார். உலக நன்மைக்காக வருகிறவர்கள் என்று பட்டால் ஞானஸ்நானம் கொடுக்காமல் தள்ளிப்போட்டார்.

சமயப் பார்வையில் இந்தக் கண்டிப்பு நேர்மையானது. ஆனாலும் எனக்கு இதில் ஓர் உறுத்தல் இருக்கிறது. அதிகாரியின் சிபாரிசோடு உள்ளே வந்த ஒருவர், அதே சிபாரிசின் நிழலைத் தேடிவரும் ஏழைகளைப் பார்த்து உங்கள் நோக்கம் சுத்தமில்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? அழைப்பிலேயே இந்தத் தேவை எழுதப்பட்டிருந்தது. அவர் வாசித்தது விசுவாசப் பகுதியை மட்டும்.

தனிவாழ்வில் அவரைக் குறைசொல்ல இடமில்லை. சம்பளத்தைப் பெரும்பாலும் உபதேசிமாருக்கும் ஏழைகளுக்கும் கொடுத்துவிட்டுக் குடிசையில் வாழ்ந்தார். பின்னாளில் சென்னையில் அவரைப் பார்த்தவர்கள், மேல்கோட்டுகூட இல்லாமல், உள்ளூரில் முடைந்த தொப்பியோடு வந்து நின்றார் என்று வியந்து எழுதினார்கள். காலனியக் காலத்து மிஷனரி என்றதும் மனத்தில் வரும் பங்களாவும் பல்லக்கும் இவரிடம் பொருந்தாது. அதிகாரத்தோடு உறவும் சொந்த வாழ்வில் துறவும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பது இந்த வழக்கைச் சிக்கலாக்குகிறது. ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது எளிது, இரண்டு தரப்பும் அதைத்தான் செய்துவருகின்றன.

பாதுகாப்புத் தேடி வந்தவர்களைத் தள்ளிநிறுத்திய அவருடைய முறை அவரோடு முடிந்தது. 1810இல் ரெசிடெண்டாக வந்து அடுத்த ஆண்டு திவான் (தலைமை அமைச்சர்) பொறுப்பையும் ஏற்ற கர்னல் மன்றோ மிஷனுக்கு வெளிப்படையாகவே உதவினார். மிஷனரி சார்லஸ் மீடு 1818இல் நாகர்கோவிலில் நீதிபதியாகவே நியமிக்கப்பட்டார். மிஷனரியும் நீதிபதியும் ஒரே ஆள்! அந்தக் காலத்தில் சபையில் சேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அதன் எதிரொலியும் வந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமையை ஒட்டி மூண்ட தோள்சீலைக் கலவரங்களில் கிறிஸ்தவக் கோயில்களும் பள்ளிகளும் எரிந்தன. 1859 ஜூலை 26 அறிவிப்புவரை அந்தப் போராட்டம் நீண்டது. ஆனால் அதே ஆண்டுகளில்தான் கச்சேரிக்குள் நுழைய முடியாதிருந்தவர்களின் வழக்கு முதன்முறையாகக் கேட்கப்பட்டது, அவர்களுடைய பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்றார்கள். மயிலாடிப் பள்ளி நாகர்கோவிலுக்குப் போய் வளர்ந்து, பின்னாளில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் மூலமானது. வேதமாணிக்கம் போட்ட கணக்கு பலித்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

இரண்டாவது அழைப்பு

1815 வாக்கில் ரிங்கல்தௌபேயின் உடல்நலம் கெட்டது. 1816 தொடக்கத்தில் அவர் புறப்பட்டுவிட்டார். கொழும்பு, மலாக்கா என்று போய், பத்தேவியா (இன்றைய ஜகார்த்தா) நோக்கிக் கப்பலேறியபின் அவரைப் பற்றிய செய்தி எதுவும் வரவில்லை. போகுமுன் சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார்.

முதல் அழைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய வரலாறுகள் இந்த இரண்டாவது அழைப்பைச் சில வரிகளில் முடித்துக்கொள்கின்றன. ஆனால் எடைபோடல் என்று பார்த்தால் இதுதான் கனமானது. முதல் அழைப்பைப் பெற்றவருக்குத் திரும்பிப்போக ஒரு கப்பல் இருந்தது, பின்னால் ஒரு சங்கம் இருந்தது, பார்த்துப் பேச ஒரு ரெசிடெண்ட் இருந்தார். இரண்டாவது அழைப்பைப் பெற்றவருக்கு அதே மயிலாடி, அதே அதிகாரிகள், அதே சாதி. சங்கத்தின் அடுத்த மிஷனரி எப்போது வருவார் என்ற உறுதிகூட இல்லை. அவர் ஏற்றுக்கொண்டார். மீடு வந்துசேரும்வரை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அத்தனை சபைகளையும் அவர்தான் தாங்கினார். சபைகள் கலையவில்லை.

மீடு வந்ததும் வேதமாணிக்கம் மறுபடியும் உதவியாளர் ஆனார். இரண்டு ஆண்டுகள் தனியாக நின்று நடத்திக் காட்டியவரையே பொறுப்பில் வைத்துக்கொள்ளலாம் என்று லண்டனில் யாருக்கும் தோன்றவில்லை. தென் திருவிதாங்கூரில் அந்தச் சங்கம் உள்ளூர்க்காரர்களுக்கு முதன்முதலாகக் குருப்பட்டம் கொடுத்தது 1866இல்.